பிசிறாத விளிம்பு

கோட்டை வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. கைத்தொலைபேசி, கைக்கடிகாரம், லைற்றர் எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இந்தச் சட்டம் பார்வையாளர்களுக்கு அல்ல, எங்களுக்கு. அதாவது வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து ஞாயிறு மாலைவரை, இருநூற்றறுபது வருடங்களுக்கு முந்தைய ஒரு பீரங்கிப் படையாக அந்தக் கோட்டைக்குள் வாழப்போகிற நாற்பது பேருக்கு.

நான் என் தொலைபேசியைப் போட்டேன். மூடி விழுந்தது. அந்தச் சத்தத்திலேயே எனக்கு மயிர் கூச்செறிந்துவிட்டது.

உள்ளே போனால், மண்மேட்டு மதிலின் அடியில் வெள்ளை லினன் கூடாரங்கள் இரண்டு வரிசையாக நின்றன. வைக்கோல், விறகுப் புகை, ஈரக் கம்பளி மூன்றும் கலந்த ஒரு வாசனை. வார நாட்களில் வரி அலுவலகம் ஒன்றில் இருக்கும் மனிதர் நிலத்தில் குந்தியிருந்து கூடார முளை செதுக்கிக்கொண்டிருந்தார். ஓர் ஆஸ்பத்திரித் தாதி செப்புக் கெண்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். பார்வையாளர்கள் அடுத்த நாள் பத்து மணிக்குத்தான் வருவார்கள். பார்க்க ஒருவரும் இல்லை. இருந்தும் அவர் சாம்பல் போட்டுத்தான் தேய்த்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். யாரும் பார்க்காதபோதும் சரியாகச் செய்கிற நாற்பது பேரை ஒரே இடத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் இதற்குள் வந்தது என் வழக்கமான அவசரப் புத்தியால். ஹனோவரில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். அதற்கு வெளியே வீணை, சதுரங்கம், ஸ்பானிஷ் எல்லாம் தொடங்கிப் பாதியில் நிற்கின்றன. இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மழை நாளில், ஆற்றின் வளைவில் இருக்கும் அந்தக் கோட்டையைப் பார்க்கப் போனேன். இவர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் வெண்கலப் பீரங்கி ஒன்று. அது ஏன் வெண்கலம், ஏன் இரும்பு இல்லை, அதன் வண்டிச் சில்லு ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டுக்கொண்டே நின்றேன். கடைசியில் பீரங்கிக் குழுவின் தலைவர், வார நாட்களில் பேருந்து ஓட்டுகிறவர், இவ்வளவு கேள்வி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை செய்யலாமே என்றார். போனேன். அதை மட்டும் பாதியில் விடவில்லை.

பீரங்கியில் எனக்குக் கிடைத்த வேலை பெருவிரல் வேலை. கருமருந்தைத் தொட அரசாங்க அனுமதிப் பத்திரம் வேண்டும், அது என்னிடம் இல்லை. ஆனால் குழலின் பின்பக்கத்தில், மேலே, பற்றவைக்கும் சிறு துளை ஒன்று இருக்கிறது. முதல் வெடிக்கு முன்பும் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஆட்டுத்தோல் சுற்றிய ஈரத் தடியைக் குழலுக்குள் விட்டு உள்ளே இருக்கிற தணலை அணைப்பார்கள். அந்த நேரம் துளையை ஒருவர் பெருவிரலால் இறுக்கி அடைக்க வேண்டும். காற்றுப் போனால் தணல் மூளும். தணல் மூண்டால் அடுத்த மருந்துப் பொதியை உள்ளே தள்ளுகிறவரின் கை போய்விடும். விரலுக்குத் தடித்த தோல் உறை ஒன்று தருவார்கள். இவ்வளவுதான் வேலை. இரண்டு குளிர்காலம் ஒரு கொட்டகைக்குள் மரக் குழல் வைத்து இதைப் பழகினேன். உண்மையான குழலில் சனிக்கிழமை பதினொரு மணிக்கு, முகாம் திறக்கும் மரியாதை வெடியில்தான் முதல்முறை. ஒக்டோபரில் மேற்படிப்புக்குத் தெற்கே, தூரத்தில் இருக்கும் கார்ஹிங் என்ற ஊருக்குப் போகிறேன். அடுத்த வருடம் இந்தக் குழுவில் நான் இல்லை. எனவே இந்த முறை நின்றால் நின்றதுதான்.

வீட்டில் இதைச் சொல்வதற்குத்தான் அதிகம் தயங்கினேன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து உண்மையான சண்டைக்குள்ளால் தப்பி வந்தவர். மகள் விளையாட்டுக்குப் பீரங்கி வெடிக்கப் போகிறாள் என்றால் என்ன நினைப்பார்? வரலாறு, பொறியியல், நினைவைப் பேணுதல் என்று ஒரு நீண்ட பேச்சைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"அப்ப உடுப்பு ஆர் தைக்கிறது?"

அப்பா ஹனோவரில் ஒரு திரைச்சீலைத் தையற்கூடத்தில் வேலை செய்கிறார். அவருடைய இடம் ஓவர்லொக் மெசின். துணியின் வெட்டுவிளிம்பு பிசிறாமல் நான்கு நூலால் சுற்றித் தைக்கிற மெசின் அது. இருபத்திரண்டு வருடங்களாக அதற்கு முன்னால் இருக்கிறார். யாருடைய வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் பார்ப்பது திரைச்சீலையின் அடிப்பக்கம்தான். ஒருமுறை கோயிலில் சுவாமிக்குச் சாத்திய பட்டின் ஓரத்தையும் அப்படிப் பார்த்து, அம்மாவிடம் முழங்கையால் இடி வாங்கினார்.

நானே கையால் தைக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் சிரித்தார். நீலச்சாம்பல் நிறக் கம்பளித் துணி, சிவப்பு மடிப்பு, மெழுகு தேய்த்த லினன் நூல். அந்தக் கோட்டு தைக்கப் பதினொரு கிழமை எடுத்தது. அப்பா தொலைக்காட்சி பார்ப்பதுபோல் இருந்து என் ஊசியைப் பார்ப்பார். அடிவிளிம்பை மடிக்காமல் வெட்டினபடி விட்டதைக் கண்ட அன்று மட்டும் எழும்பி வந்து தொட்டுப் பார்த்தார். "இதை இப்பிடியேவோ விடப்போறாய்?" என்றார். ஓம், அந்தக் காலத்தில் இப்படித்தான் என்றேன். அந்தக் காலத்தில் மெசின் இல்லை, அதனால்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நான் புறப்படும்போது கோட்டு உறை போட்டுக் கொழுவியிருந்தது. அதை ஒருக்கா அயன் பண்ணி வைத்திருக்கிறேன் என்றார் அப்பா. பீரங்கியைப் பற்றி அவர் இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? உறையைத் திறக்காமலே குழுவின் வான் வண்டியில் ஏற்றினேன்.

அங்கேதான் பிழை விட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உடுப்புச் சோதனை. இதைச் செய்கிறவர் ஒரு பெண். வார நாட்களில் பல் ஆய்வுகூடம் ஒன்றில் செயற்கைப் பல் செய்கிறவர். முகாமில் எல்லோருக்கும் அவரைக் கண்டால் கொஞ்சம் பயம். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கும். சப்பாத்தின் அடியைப் பார்ப்பார், பொத்தானைப் புரட்டிப் பார்ப்பார். தேறாதவர்கள் சாதாரண உடுப்போடு, முகாமைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, பார்வையாளர்களோடு நிற்க வேண்டும். இதில் ஒருவருக்கும் சலுகை இல்லை. போன வருடம் குழுத் தலைவரையே இந்தக் காலத்து மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்காக வெளியே விட்டவர்.

என் முடியைப் பார்த்துத் தலையாட்டினார். மற்ற ஆண்களும் பெண்களும் குதிரைவால் மயிரில் பொய்ப் பின்னல் கட்டியிருந்தார்கள். எனக்கு அம்மாவின் தேங்காயெண்ணெய் வளர்த்த சொந்தப் பின்னல். அதற்குக் கறுப்பு நாடா சுற்றினால் போதும். அந்தப் பெருமை அரை நிமிடம் இருந்தது. பிறகு அவர் கோட்டின் அடியைப் புரட்டினார்.

புரட்டியபடியே நின்றார். கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். உள்தையல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். நானும் குனிந்தேன். எல்லா விளிம்பிலும், அடியில், கைமணிக்கட்டில், முதுகுத் தையலின் இரண்டு பக்கமும், சீரான, அழகான, குறை சொல்ல முடியாத ஓவர்லொக். நூலின் நிறம் துணியோடு அப்படிப் பொருந்தியிருந்தது. அப்பா எங்கோ தேடி எடுத்திருக்கிறார். பொலியெஸ்ரர் நூல் மட்டும் வெயிலில் மினுங்கியது.

அந்தப் பெண் கோபப்படவில்லை. மிகவும் நல்ல வேலை, யார் செய்தது என்று கேட்டார். என் அப்பா என்றேன். கோட்டை என் கையில் தந்தார். உள்பக்கமும் உடுப்புத்தான் என்றார். பத்தே முக்காலுக்குள் சரி செய்தால் திரும்பப் பார்ப்பார், இல்லாவிட்டால் என் இடத்துக்குப் புவியியல் ஆசிரியர். பதிலாளாக நின்ற அந்த ஆசிரியர் பாவம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தன் விரலுக்குத் தோல் உறை அளவாக இருக்கிறதா என்று பார்த்தார்.

கத்தரிக்கோல் முனையால் ஒரு சாண் பிரித்துப் பார்த்தேன். நான்கு நூல். எதை இழுத்தாலும் மற்றது இறுகியது. நல்ல கம்பளித் துணி கிழிந்துவிடுமோ என்று நிறுத்தினேன். வாசலுக்கு ஓடிப் பெட்டியிலிருந்து தொலைபேசியை எடுத்து, வாகனத் தரிப்பிடத்துக்குப் போய் அப்பாவை அழைத்தேன். அவர் வேலையில் இருந்தார். பின்னால் மெசின்கள் இரைந்தன.

"அப்பா, கோட்டுக்கு என்ன செய்தனீங்கள்?"

"கண்டிட்டியே? சொல்லாமல் செய்வம் எண்டுதான். உள்ளுக்கெல்லாம் பிசிறு பிசிறாக் கிடந்தது, பிள்ளை. நாலு சனம் பாக்கிற இடத்தில என்ர பிள்ளை அப்பிடி நிக்கேலாது."

நான் நடந்ததைச் சொன்னேன். தையல் சரியில்லை என்று சொன்னார்களா என்று கேட்டார். இல்லை அப்பா, மிகவும் நல்லது என்றுதான் சொன்னார்கள், அதுதான் பிழை என்றேன். இதை எப்படி ஒரு மனிதருக்கு விளங்கப்படுத்துவது? நான்கு நூலில் எதை இழுப்பது என்று கேட்டேன். சொல்லத் தொடங்கி, நடுவில் நிறுத்தினார்.

"நீ ஒண்டையும் தொடாதை. கோட்டை வைச்சிட்டு இரு. வாறன்."

சனிக்கிழமை அவருக்கு ஒரு மணிவரை வேலை. அந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் இடையில் எழும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. ஒன்பது நாற்பதுக்கு அவருடைய வெள்ளை வான் தரிப்பிடத்துக்குள் வந்தது. வேலை மேலங்கியோடே வந்திருந்தார், தோளில் நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன. வாகனம் வந்து நின்ற நேரத்தைக் காட்டும் நீல நிறத் தரிப்பு அட்டையின் சக்கரத்தைத் திருப்பி நேரம் வைத்து, முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒழுங்காக நிறுத்தினார். அங்கே இரண்டு மணி நேரம்தான் நிற்கலாம். பிறகுதான் என்னைப் பார்த்தார். முக்கோணத் தொப்பி, குட்டைக் காற்சட்டை, வெள்ளைக் காலுறை. கோட்டுக்குக் கையை நீட்டினார்.

சாதாரண உடுப்போடு வந்தவர் கயிற்றைத் தாண்டி உள்ளே வர முடியாது. அதனால் கயிற்றுக்கு வெளியே, வானின் படியில் இருந்து வேலையைத் தொடங்கினார். நான்கு நூலில் ஊசி நூல்கள் இரண்டும் நேராகப் போகும். அவற்றின் தலைப்பை ஊசிமுனையால் கிளப்பி, துணியை இடது கையால் சுருக்கிக்கொண்டே வலது கையால் இழுத்தார். ஒரு முழ நீளத்துக்கு நூல் சர்ரென்று கழன்று வந்தது. சுற்று நூல்கள் தாமாகவே உதிர்ந்து மடியில் விழுந்தன. நான் பத்து நிமிடம் கிண்டிய இடத்தை அவர் ஒரு மூச்சில் கடந்தார். அவர் வேலை செய்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. வேலை முடிந்து வந்த அப்பாவைத்தான் தெரியும்.

வெட்டியிருப்பாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். ஓவர்லொக் மெசினில் கத்தி ஒன்று விளிம்பை வெட்டிக்கொண்டே தைக்கும். வெட்டியிருந்தால் கோட்டு சுருங்கியிருக்கும், திரும்ப வராது. மெல்லக் கேட்டேன்.

"கத்தியைக் கழட்டி வைச்சிட்டுத்தான் அடிச்சனான். நீ வெட்டினது நீ வெட்டினபடியே இருக்குது," என்றார், தலை நிமிராமல்.

அந்த நேரம் சோதனைக்காரப் பெண் கயிற்றடிக்கு வந்தார். வெள்ளைத் தொப்பி, கறுப்புப் பாவாடை, மேலே கம்பளிக் கோட்டு, கழுத்தில் கண்ணாடி. அப்பா எழும்பி நின்று ஜெர்மனில் வணக்கம் சொன்னார். பிறகு, தன் மகள் இதில் ஒரு பிழையும் செய்யவில்லை, எல்லாம் தான் செய்தது என்று ஒரு விண்ணப்பம் வாசிப்பதுபோல் சொன்னார். அவருக்கு அலுவலகங்களில் பேசிப் பேசி அந்த ஜெர்மன்தான் பழக்கம். அந்தப் பெண் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. விளிம்பைத் தூக்கிக் காட்டி, இது இரண்டு கழுவலில் பிரிந்துவிடும், அதைச் சொல்ல வேண்டியது தன் கடமை என்றார்.

அந்தப் பெண் தன் சொந்தக் கோட்டின் அடியைத் தூக்கிக் கயிற்றுக்கு மேலால் நீட்டினார். பதினைந்து வருடம் போட்ட கோட்டு, மழையிலும் நெருப்படியிலும். பெருவிரலால் உரசிப் பாருங்கள் என்றார்.

அப்பா உரசினார். மெதுவாக, பிறகு நகத்தால், பிறகு ஊசியை எடுத்து ஒரு நூலையாவது கிளப்பப் பார்த்தார். வரவில்லை. வெட்டிய இடம் கத்தியால் வெட்டிய பாற்கட்டிபோல் மழமழவென்று இருந்தது. அந்தப் பெண் விளக்கினார். நெய்த பிறகு இந்தத் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, அடித்து, மிதித்து, பாதி அகலமாகும்வரை சுருக்குவார்கள். கம்பளி மயிர்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். நூல் என்று தனியாக ஒன்று அதற்குள் இனி இல்லை. எது பிரிவது?

அப்பா என் கோட்டின் விளிம்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். பதினொரு கிழமை வீட்டில் கிடந்த துணி. அவர் அயன் பண்ணின துணி.

"பிள்ளை," என்றார். "இது பிசிறாது."

நான் அதைத்தான் அன்றைக்கே சொன்னேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன். இரவு விமானத்தில் முதல்முறை ஜன்னலோரம் இருக்கும் பிள்ளைகளின் முகம் அப்படி இருக்கும்.

பத்து இருபதுக்கு எல்லா நூலும் கழன்றது. ஆனால் விளிம்பு நெடுக ஊசித் துளைகள் புள்ளி புள்ளியாக நின்றன. அந்தப் பெண் நெருப்படிக்குப் போய், கொதிக்கிற செப்புக் கெண்டியைக் கொக்கியோடு தூக்கிக்கொண்டு கயிற்றடிக்கு வந்தார். அப்பாவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோட்டின் விளிம்பை ஆவிக்கு மேலே பிடித்தார், அவர் கெண்டியைக் கொஞ்சம் சரித்தார், அப்பா இரண்டு விரலால் அழுத்தி நீவினார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் மினுங்குபட்டி வைத்த வேலை மேலங்கி, அந்தப் பக்கம் லினன் தொப்பி. நடுவில் ஆவி. துளைகள் ஒவ்வொன்றாக மூடின. காயம் ஆறுவதை யாரோ விரைவாக ஓட்டிக் காட்டுவதுபோல் இருந்தது. நான் பொறியியல் படிக்கிறேன், பொருட்களின் இயல்பு பற்றி இரண்டு பாடம் சித்தியடைந்திருக்கிறேன். அதெல்லாம் அந்த நிமிடத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை.

பத்து நாற்பத்திரண்டுக்கு அந்தப் பெண் கண்ணாடியை எடுத்தார். அடி, கை, முதுகு. விரலை உள்ளே விட்டு முழுத் தையலையும் தடவினார். இடது அக்குளில் ஒரு இடத்தில் நின்றார். ஒரு விரல்நீள நூல் மிச்சம். அப்பா முந்திக்கொண்டு குனிந்து பல்லால் கடித்து எடுத்தார்.

"உள்பக்கம் இப்போது சரி," என்றார் அவர். என்னிடம் அல்ல, அப்பாவிடம்.

கோட்டைப் போட்டேன், இன்னும் ஈரச்சூடாக இருந்தது. அப்பா கொலரை இழுத்துவிட்டார். எத்தனை மணிக்கு வெடி என்று கேட்டார். பதினொரு மணிக்கு என்றேன். தரிப்பு அட்டையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். அட்டையில் இன்னும் நிறைய நேரம் இருந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஓம் அப்பா, போய்ப் பாருங்கோ என்றேன். அவர் வானுக்குள் ஏறி ஜன்னல் கண்ணாடிகளை மேலே ஏற்றுவதைக் கண்டேன். எனக்குத் தயாராக இருந்த அந்த நீண்ட பேச்சு நினைவுக்கு வந்தது. நல்லவேளை அதைத் திரும்பச் சொல்ல நேரமில்லை.

பதினொரு மணிக்கு மேளம் அடித்தது. மதில்மேல் பீரங்கியைச் சுற்றி ஆறு பேர். புவியியல் ஆசிரியர் தோல் உறையைத் தானே என் விரலில் மாட்டிவிட்டார். பெருவிரலைத் துளையில் வைத்து இறுக்கினேன். வெண்கலம் குளிராக இருந்தது. ஈரத் தடி உள்ளே போனது. மரக் குழலில் ஒருநாளும் தெரியாத ஒன்று அப்போது தெரிந்தது. குழலுக்குள் இருந்த காற்று முழுவதும் என் விரலுக்குக் கீழே வந்து முட்டியது. தடி வெளியே வரும்போது என் விரலைக் கீழே உறிஞ்சி இழுத்தது. அது மூச்சு விட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை பேருடைய விரல் இந்த இடத்தில் இருந்திருக்கும், இந்த உறிஞ்சலை உணர்ந்திருக்கும்? மருந்துப் பொதியும் உள்ளே போனபின், விரலை எடு என்ற கட்டளை வந்தது. எடுத்தேன், ஒரு எட்டுப் பின்னால் வைத்தேன். நெருப்பு வந்தது.

சத்தம் காதுக்கு வரவில்லை, நெஞ்சுக்குத்தான் வந்தது. புகை வெள்ளைச் சுவராக எழும்பி ஆற்றின் பக்கம் சரிந்தது. கோட்டைச் சுவர் அந்தச் சத்தத்தை எடுத்து அடுத்த சுவருக்குக் கொடுத்தது, அது அதற்கடுத்த சுவருக்கு. பிறகு திரும்ப விரல், ஈரத் தடி, மூச்சு. இப்போது வெண்கலம் தோல் உறைக்குள்ளாலும் சுட்டது. மூன்று வெடி. மூன்றிலும் விரல் அசையவில்லை.

கீழே இறங்கி வந்தபோது கால் தரையில் இல்லை. அப்பா கயிற்றடியில் நின்றார். எப்போது வானிலிருந்து இறங்கினார் என்று தெரியாது. கையில் ஒரு சிவப்புத் துணித் துண்டு. சோதனைக்காரப் பெண் கொடுத்திருக்க வேண்டும். அதன் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கொலரைப் பார்த்தார், அடியைப் பார்த்தார், என்னைத் திருப்பிவிட்டு முதுகையும் பார்த்தார்.

"இடக்கை ஒரு நூல் நீளம்," என்றார். "வேற ஒண்டும் இல்லை."

பிறகு மதில்மேல் நின்ற பீரங்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கே இன்னும் மெல்லிய புகை இருந்தது.

"அடுத்தது எத்தினை மணிக்கு?"

"மூண்டு மணிக்கு, அப்பா. இதைப்போலத்தான். சரியான சத்தம்."

"சத்தம் வானுக்குள்ளயும் கேட்டது," என்றார். துணித் துண்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நில், அட்டையைத் திருப்பி வைச்சிட்டு வாறன்."

வாகனத்தை எடுக்காமல் அந்தச் சக்கரத்தைத் திருப்புவது சட்டப்படி பிழை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்பா அப்படி ஒரு பிழை செய்து நான் கண்டதில்லை. இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, வான் கதவைத் திறந்து, சக்கரத்தைப் பின்னேரத்துக்குத் திருப்பினார்.